ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய வழி

மார்லிஸ் ஹியட்டலா தன் ஐம்பத்தொன்பதாவது வயதில் முதன்முதலாகக் கனூ என்கிற துடுப்புப் படகில் ஏறிக் காட்டுக்குள் நாலு நாள் தங்கப் போகிறாள் என்ற செய்தி ஊர் முழுக்கப் பரவ ஒரு பகல்கூட ஆகவில்லை. பரப்பியவளும் அவளேதான். இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவளுக்கு, காலையில் ஏறுகிற பிள்ளைகளின் காதில் ஒரு விஷயத்தைப் போட்டால் சாயங்காலத்துக்குள் அது எந்தெந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போய்ச் சேரும் என்று தெரியாதா என்ன.

கேட்டுச் சிரித்தவர்கள்தான் அதிகம். மினசோட்டாவின் வடக்கு நுனியில், மோட்டார் படகு நுழையவே கூடாத ஆயிரம் ஏரிகளின் வாசலில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் தண்ணீர் என்றால் அவளுக்கு ஆகாது. அப்பா இரும்புச் சுரங்கத்தில் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். அவர்கள் வீட்டில் ஏரி என்பது உறைந்து கிடக்கும்போது குறுக்கே நடந்து போக உதவுகிற ஒரு பொருள், அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் கட்டிக்கொண்டது டுவைன் ஹியட்டலாவை. ஃபின்லாந்துக்காரர்களின் வழிவந்தவன், பேச்சு கொஞ்சம், மீன் பைத்தியம் நிறைய. அவள் பஸ் ஓட்டுகிற அதே பள்ளிக்கூடத்தில் பாய்லரைப் பார்த்துக்கொள்கிறான். கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷத்தில், மே மாதம் மீன்பிடி தொடங்குகிற சனிக்கிழமை அவன் வீட்டிலிருந்ததாகச் சரித்திரமே இல்லை.

கூடப் போகிறவன் எப்போதும் அவன் கூட்டாளி ஆர்விட். அந்த ஆர்விட் போன இலையுதிர் காலத்தில் நெஞ்சுச் சளிக்குப் பயந்து வெயில் ஊரான அரிசோனாவில் மகள் வீட்டோடு போய்விட்டான். டுவைனுக்கு அறுபத்துமூன்று வயதில் தனியாகப் போக முடியாது. கனூவைத் தோளில் கவிழ்த்துக்கொண்டு ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குக் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும், மூட்டைகளைச் சுமக்க இன்னொரு முதுகு வேண்டும். ஜனவரியில், உள்ளே போவதற்கான அனுமதிச் சீட்டைக் கம்ப்யூட்டரில் பதிகிற நாளில், டுவைன் வெறும் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கூட வருபவர் பெயர் எழுதுகிற பெட்டி அது. பின்னால் நின்றிருந்த மார்லிஸுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "என் பேரைப் போடு," என்றாள். சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது ஏற்பாடு. டுவைன் ஏற்பாடு செய்கிற மனுஷன் என்றால் சும்மா இல்லை. உள்ளே டின்னும் கண்ணாடி பாட்டிலும் கொண்டுபோகக் கூடாது என்பதால் கடலை வெண்ணெயைப் பிளாஸ்டிக் குப்பிக்கு மாற்றினான். ஓட்ஸை நாலு காலைக்கு நாலு பையாகத் தபால் தராசில் நிறுத்தான். மூட்டையோடு குளியலறை எடை மெஷினில் ஏறுவான், மூட்டையை இறக்கிவிட்டு ஏறுவான், கழித்துப் பார்ப்பான், பிறகு ஒரு கரண்டியை வெளியே எடுத்து வைப்பான். "அந்தக் கரண்டி உன் முதுகை உடைச்சிடுமா?" என்பாள் மார்லிஸ். "மூணாவது மேட்டுல கேளு, சொல்றேன்," என்பான்.

அவளுக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தான். ஏப்ரல் பிறந்ததும், காலை பஸ் முடிந்து படகுத் துறைக்குப் போய் ஏரிப் பனியின் நிறம் என்ன என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். வெள்ளை என்றால் இன்னும் நாள் இருக்கிறது. சாம்பல் என்றால் காலை வைக்காதே. கறுத்துவிட்டால் ஒரு நல்ல காற்று போதும், ஒரே நாளில் மொத்தமும் உடைந்து கரையோரம் சலசலவென்று ஒதுங்கிவிடும். இருபத்து மூன்றாம் தேதி அவள் வந்து "கறுப்பு" என்று சொன்னபோது அவன் எழுந்து நின்றே விட்டான். அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. இத்தனை வருஷம் இதை ஏன் ஆர்விடுக்கு விட்டுக்கொடுத்தோம் என்றுகூட நினைத்தாள்.

பயமும் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. மே மாதத் தண்ணீர் எப்படி என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பனி போய் ஒரு வாரமே ஆன தண்ணீரில் கவிழ்ந்தவனுக்குக் கை கால் மரத்துப்போகப் பத்து நிமிஷம் ஆகாது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம் அண்ணன் தம்பி இரண்டு பேர் உள்ளே போய்த் திரும்பவில்லை. எந்த ஏரிக்குப் போனார்கள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தேடப் போகிறவர்களை ஏற்றிப் போக மாவட்டத்துக்காரர்கள் கேட்டு வாங்கியது மார்லிஸின் பஸ்ஸைத்தான். ஒன்பது நாள் தேடுகிறவர்களை ஏற்றிப் போனாள். பத்தாம் நாள் பாதிரியாரையும் அவர்களுடைய அம்மாவையும் ஏற்றிப் போனாள். அந்த அம்மா வழியெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தாள்: எங்கே போறோம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா?

அன்று வீட்டுக்கு வந்ததும் மார்லிஸ் டுவைனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். இனிமேல் எந்த வழி, எந்த ஏரி, எந்த இரவு எங்கே கூடாரம் என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அவனும் மறுபேச்சு பேசவில்லை. அழகான கட்டம் கட்டமான எழுத்தில் எழுதி ஒட்டினான். ஹெகல் துறையில் ஏறி, ஹெகல் ஏரியின் கிழக்கு வாயால் நுழைந்து, மூஸ்ஹார்ன் ஏரி, அதன் கீழே நீர்வீழ்ச்சி, அதற்கும் கீழே பெரிய குளம். அடுத்த வருஷமும் அதே. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் படித்துப் படித்து அந்த வழி அவளுக்கு மனப்பாடம். காட்டுக்குள் கால் வைக்காமலே அவள் அதில் எத்தனையோ தரம் போய் வந்திருக்கிறாள். ஒவ்வொரு வருஷமும் அவன் திரும்பி வந்த பிறகு தாளைப் பிய்த்து எறியாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் மடித்து வைப்பாள். காரணமெல்லாம் ஒன்றுமில்லை, திரும்பி வந்துவிட்டான் என்ற சந்தோஷம்தான்.

ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து மத்தியானச் சாப்பாடும் முடிந்தது. டுவைன் மேசையைத் துடைத்தான், கையைத் துடைத்தான், வரைபடத்தை விரித்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை தங்கள் மகள் பிறந்த அன்றைக்குப் பார்த்ததுதான்.

"இதை ஆர்விடைத் தவிர ஒருத்தருக்கும் காட்டினதில்லை," என்றான்.

"அடேயப்பா. கதவைச் சாத்தட்டுமா?"

"சிரிக்காதே. இங்க பாரு." விரல் ஹெகல் துறையில் இறங்கியது. ஏரிக்குள் போனது. போய், இடது பக்கமாகத் திரும்பியது.

"அங்க இல்லை, வலது பக்கம்," என்றாள் மார்லிஸ். முதல் முறையாக அவனுக்கு வழி சொல்ல வாய்த்ததில் அவளுக்கு ஏக பெருமை. "கிழக்கு வாய்ல நுழையணும். கண்ணாடியைப் போட்டுக்கோ."

டுவைன் சிரித்தான். விரல் மேற்கே போய்க்கொண்டே இருந்தது. ஒரு சதுப்பைத் தாண்டி, கனூவைச் சுமந்து நடக்கிற நீளமான பாதை ஒன்றைத் தாண்டி, இரண்டு குன்றுகளுக்குப் பின்னால், பேர்கூட எழுதியிராத கட்டைவிரல் நகம் அளவு நீலத்தில் போய் நின்றது. "இதுதான். ட்ரௌட் மீனெல்லாம் பனி உருகின முதல் வாரம் கரையோரமே வரும். இருபது வருஷமா இங்கதான்."

"அப்போ மூஸ்ஹார்ன்?"

"மூஸ்ஹார்னா? அங்க எவன் போவான்? அது ரூடிக்கு எழுதினது."

"எது ரூடிக்கு?"

"ஃப்ரிட்ஜ்ல ஒட்டற தாள்." அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "உன் தம்பி வாரத்துல நாலு நாள் இந்த ஃப்ரிட்ஜைத் திறந்து பீர் எடுக்கறான். அவன் மூக்குக்கு நேரா என் இடத்தை எழுதி ஒட்டுவேனா? ஹெகல் பாறை மறைவுல நான் கண்டுபிடிச்ச மீன் இடத்தை அவன்கிட்டச் சொன்னேன். மறு வருஷம் போனா பதினோரு படகு. மதுக்கடையில உட்கார்ந்து கை காட்டிப் படம் வரைஞ்சிருக்கான் எல்லாருக்கும். அன்னிக்கு முடிவு பண்ணினேன்."

மார்லிஸ் எழுந்து போய் அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தாள். மூடி கீழே விழுந்து உருண்டது. மேலே இருந்த தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது?"

அவன் பார்த்தான். "அது... இல்லை."

"இது?"

"மார்லிஸ்."

"கேட்டதுக்குச் சொல்லு. இது?"

"இல்லை."

பத்தொன்பது தாளையும் அடுக்கிவிட்டாள். பத்தொன்பதும் பொய். மனப்பாடமாக அவளுக்குத் தெரிந்த அந்த ஏரி, நீர்வீழ்ச்சி, குளம், அதில் ஒன்றிலும் அவள் புருஷன் ஒரு நாளும் இருந்ததில்லை. அவள் அடுப்பங்கரையில் நின்று, இந்நேரம் அந்த நீர்வீழ்ச்சியைத் தாண்டியிருப்பான் என்று நினைத்த நேரத்திலெல்லாம் அவன் வேறெங்கோ இருந்திருக்கிறான்.

"முதல் ஏரி வரைக்கும் உண்மைதான்," என்றான் டுவைன். இப்போது சிரிப்பு போய்விட்டிருந்தது. "நல்லபடியா வந்துட்டேன்ல ஒவ்வொரு தடவையும்?"

"ஆர்விடுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ரெண்டு பேரும் அங்க உட்கார்ந்து சிரிச்சீங்களா?"

"உன்னை நினைச்சு இல்லை. அந்த ஏணிக்காரனை நினைச்சு."

அந்த வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். ரூடிக்கு அந்த வீட்டில் அதுதான் பேர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கூரைத் தகரத்தைச் சுத்தம் செய்ய ஏணியில் ஏறி விழுந்து இடது முட்டியைச் சிதைத்துக்கொண்டான் என்று ஊருக்கே தெரியும். மாவட்டத்துப் பனி அள்ளும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் இப்போது அந்த லாரிகள் நிற்கிற கொட்டகையில் உட்கார்ந்து சாமான்களுக்குச் சீட்டெழுதுகிறான். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு டுவைன் இரண்டே படி வைத்த ஒரு மரப்படியை ரிப்பன் கட்டிப் பரிசு கொடுத்தான். எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ரூடியும் சிரித்தான். மார்லிஸ் மட்டும் ஏதோ அடுப்பில் இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

"ரூடி ஏணியிலேர்ந்து விழலை," என்றாள் இப்போது.

"என்ன?"

"ஏணியும் இல்லை, கூரையும் இல்லை. அந்த வருஷம் நீ செவ்வாய்க்கிழமை வர்றேன்னு சொல்லிட்டு வியாழக்கிழமை சாயங்காலம் வந்தியே, ஞாபகம் இருக்கா?"

"காத்து. பெரிய ஏரியில அலை. கரையிலேயே உட்கார்ந்திருந்தோம்."

"உனக்குக் காத்து. எனக்கு?" அவள் குரல் உயரவில்லை, அதுதான் அவனைப் பயமுறுத்தியது. "செவ்வாய் ராத்திரி பூரா உட்கார்ந்திருந்தேன். ஷெரிஃப்பைக் கூப்பிட்டிருக்கலாம். ஒரு நாள் லேட் ஆனதுக்கே கூப்பிட்டாளே முன்னே ஒருத்தி, அவ புருஷனை இன்னிக்கு வரைக்கும் ஊர்ல கைக்குழந்தைன்னுதானே கூப்பிடறாங்க? உனக்கு அந்தப் பேர் வேண்டாம்னு ரூடியைக் கூப்பிட்டேன். விடியக்காலம் வந்தான். இந்தக் கதவுலேர்ந்து இந்தத் தாளைத்தான் பிச்சுக்கிட்டுப் போனான், அப்புறம் அவன் திருப்பிக் குடுத்ததுதான் இது. துறையில உன் வண்டி நின்னுது. சந்தேகமே இல்லாம கிழக்கே போயிட்டான், தனியா."

டுவைன் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தான்.

"மறு நாள் காலையில அந்த நீர்வீழ்ச்சிப் பக்கத்துப் பாதையில, பனி பூசின பாறையில வழுக்கி விழுந்தான். முட்டி பின்னால திரும்பிடுச்சு. தவழ்ந்து தவழ்ந்து, கனூவைக் கயித்துல இழுத்துக்கிட்டு வெளியே வந்திருக்கான். நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணினான். சாயங்காலம் நீ வந்து, சாப்பிட என்ன இருக்குன்னு கேட்ட."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"அவன் சத்தியம் வாங்கினான். தொலையாத ஆளைத் தேடப்போய்க் காலை உடைச்சுக்கிட்டான்னு ஊர் சிரிக்கும், அதுக்கு ஏணியே மேல்னான். நானும் வாயை மூடிக்கிட்டேன். என் மேலயும் தப்பு இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா இத்தனை நாளும் ஒரே ஒரு எண்ணத்துலதான் என்னைத் தேத்திக்கிட்டேன். நல்ல வேளை, தப்பான நேரமா இருந்தாலும் சரியான இடத்துக்குத்தான் அனுப்பினோம்னு."

டுவைன் தாள்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மேசை மேலே நாலு பை ஓட்ஸ் வரிசையாக இருந்தது.

"நான் வரலை," என்றாள் மார்லிஸ். "உன் வாயிலேர்ந்து வர்ற எதையும் நம்பி நான் அந்தத் தண்ணிக்குள்ள இறங்க மாட்டேன். என்கூட நாலு நாள் இருக்கப்போறவன் யாருன்னே எனக்குத் தெரியலை."

டுவைன் எழுந்தான். பிறகு வரைபடத்தை மடித்து, கோட்டை எடுத்தான். "ரூடி வீட்டுக்குப் போறேன்."

"நானும் வர்றேன்," என்றாள். அவனை ஆதரிக்க இல்லை; அங்கே போய் வேறு எதையாவது சொல்லிவிடப் போகிறானே என்று. அது அவளுக்கே சுருக்கென்று பட்டது. காலையில் இப்படி ஒரு நினைப்பு அவளுக்கு வந்திருக்காது.

ரூடி ஸ்குபிட்ஸ் கராஜில் இருந்தான். பழைய நாற்காலியில் கெட்ட காலை ஒரு வாளிமேல் நீட்டிக்கொண்டு, புல்வெட்டும் மெஷினின் வயிற்றைப் பிரித்துப் போட்டிருந்தான். ஆள் பெரிய உருவம், பெரிய குரல். ரகசியம் என்று ஒன்றை அவனிடம் சொல்வதும் ரேடியோவில் சொல்வதும் ஒன்று. "வாங்க வாங்க. அக்கா, என் வீட்டுக்காரி பொட்டீட்ஸா ரொட்டி சுட்டு வெச்சிருக்கா, எடுத்துக்கோ. என்ன மச்சான், செத்த வீட்டுக்கு வந்த மாதிரி மூஞ்சி? பனி உடையலையா இன்னும்?"

டுவைன் உட்காரவில்லை. பேச்சுப் பழக்கம் இல்லாதவன் பேசுகிற மாதிரி, தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். தாள் பொய் என்பதை, யாருக்காக அந்தப் பொய் என்பதை, எத்தனை வருஷப் பொய் என்பதை. சொல்லி முடித்து, வரைபடத்தை மெஷின் மேலேயே விரித்து இடத்தைக் காட்டினான். எண்ணெய்க் கறை படிந்தது, அவன் கவனிக்கவில்லை.

ரூடி குனிந்து பார்த்தான். முதலில் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்தது, சத்தியம் உடைந்துவிட்டது என்று.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்டா."

மறுபடி வரைபடத்தைப் பார்த்தான். அவன் விரல் கிழக்கே மூஸ்ஹார்னுக்குக் கீழே இருந்த குளத்தில் ஒரு தரம் நின்றது. பிறகு மேற்கே அந்தப் பேரில்லாத ஏரிக்குப் போனது. பிறகு மறுபடி கிழக்கே. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண்.

"ரெண்டும் வேற வேற தண்ணி," என்றான். "இங்க இருக்கறது அங்க வரவே வராது."

"வராது," என்றான் டுவைன்.

"அப்போ அந்த மெத்தை யாரோடது?"

"எந்த மெத்தை?" என்றாள் மார்லிஸ்.

ரூடி அவளைப் பார்க்காமல் பேசினான். எப்போதும் கராஜ் அதிரப் பேசுகிறவன், காது கொடுத்துக் கேட்க வேண்டிய அளவுக்குப் பேசினான். "உங்கிட்டச் சொல்லலைக்கா. நீர்வீழ்ச்சிக்குக் கீழே அந்தக் குளத்துல சிவப்பா ஒண்ணு மிதந்துது. கனூவுல போட்டு உட்காருவோமே, சின்ன மெத்தை. ஊர்க்கடையில விக்கறதுதான். எல்லாருக்கும் இருக்கு, மச்சானுக்கும் இருக்கு. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

"முடிஞ்சுதுன்னு. கத்திப் பார்த்தேன். ரெண்டு கரையும் போய்ப் பார்த்தேன். அப்புறம் பெட்டியிலேர்ந்து இருக்கறதுலயே பெரிய தூண்டில் முள்ளை எடுத்துக் கட்டினேன். கனமான ஈயம் போட்டேன். கனூவுல நின்னுக்கிட்டு எறிஞ்சேன், அடியோட அடியா இழுத்தேன். மத்தியானம் ஆரம்பிச்சு வெளிச்சம் போற வரைக்கும் குளம் பூரா இழுத்தேன்."

ரூடி ஒரு திருகாணியை எடுத்து விரலில் உருட்டினான்.

"அடியில மரக்கட்டை நிறைய அந்தக் குளத்துல. சிக்கும். சிக்கினா லேசா விட்டுக்கொடுத்து வரும், பாரு, துணி மாதிரி. ஒவ்வொரு தடவையும் நீதான்னு நினைச்சேன், மச்சான். ஒவ்வொரு தடவையும், சாமி, இவனா இருக்கக் கூடாதுன்னும் நினைச்சேன், இவனா இருந்தா அக்கா கிட்டக் கொண்டுபோய்க் குடுக்கலாம்னும் நினைச்சேன். பத்து நாள் அலைய விடாம." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "ராத்திரி அங்கயே கிடந்தேன். மறு நாள் காலையில ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வரலாம்னு ஓடினேன். அதான் விழுந்தேன். மெதுவா நடந்திருந்தா விழுந்திருக்க மாட்டேன்."

வழுக்கி விழுந்தான் என்று மட்டும்தான் மார்லிஸுக்குத் தெரியும். அவளுடைய தம்பி ஒரு முழு மத்தியானம் அவள் புருஷனின் பிணத்தை மீன் பிடிக்கிற மாதிரி தேடியிருக்கிறான், அதுவும் புருஷன் இல்லாத குளத்தில். தேடிவிட்டு வந்து இரண்டு வருஷம் ஏணிக்காரன் என்ற பேரோடு அவள் சமையலறையில் பீர் குடித்திருக்கிறான். அவள் டுவைனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அழுகிறானா என்று சொல்ல முடியவில்லை. தோள் மட்டும் ஆடியது.

"நான் போகலை இந்த வருஷம்," என்றான் கடைசியில். "இனிமேலயும் போகலை."

"அதைக் கேக்கலை நான்," என்றான் ரூடி. மறுபடி குனிந்து அந்த நகம் அளவு நீலத்தைப் பார்த்தான். "ஒண்ணு கேக்கறேன், நேராச் சொல்லு. நான் அங்க இழுத்துக்கிட்டிருந்த நேரத்துல நீ இங்க எவ்வளவு பிடிச்ச?"

மார்லிஸுக்கு அந்தப் பதில் தெரியும். ஊருக்கே தெரியும். அந்த வருஷம் டுவைனும் ஆர்விடும் ஏழு ட்ரௌட் பிடித்தார்கள், ஒன்று பதினோரு பவுண்டு, எல்லாவற்றையும் அங்கேயே சுட்டுத் தின்றுவிட்டார்கள். பள்ளிக்கூடத்திலும் சர்ச் வாசலிலும் முடி வெட்டுகிற கடையிலும் சொல்லியாகிவிட்டது. சொல்லச் சொல்ல ஒரு பவுண்டு ஏறித்தான் இருக்கிறதே தவிர இறங்கியதில்லை.

டுவைன் சுவரிலிருந்து கையை எடுத்தான்.

"ஒண்ணு," என்றான்.

"என்ன ஒண்ணு?"

"ஒரே ஒரு மீன். நாலஞ்சு நாளுக்கு. அதுவும் ஆர்விடுக்கு மாட்டினது. ரெண்டு பவுண்டு தேறாது. எனக்கு ஒண்ணும் மாட்டலை. அதுக்கு முந்தின ரெண்டு வருஷமும் மாட்டலை."

ரூடி அவனையே பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. மெஷின்மேல் கிடந்த வரைபடத்தை இரண்டு விரலால் மெல்லத் தள்ளி விட்டான்.

மார்லிஸ் அந்த ஊரில் ஐம்பத்தொன்பது வருஷம் இருந்தவள். அப்பா, தம்பி, புருஷன், பாதிரியார், யார் வாயிலும் ஒரு மீன் நீண்டு வளர்ந்துதான் கேட்டிருக்கிறாள். தான் பிடித்த மீனைக் குறைத்துச் சொன்ன ஆம்பிளையை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். மத்தியானத்திலிருந்து கேட்ட அத்தனை பேச்சிலும் இந்த ஒன்றை நம்புவதற்கு அவளுக்கு எந்தத் தாளும் தேவைப்படவில்லை.

கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டாள். ஒரு பித்தான் தவறிப்போய் மறுபடி போட்டாள்.

"கனூவுல முன்னாடி உட்கார்றவ பேசக் கூடாதுன்னு ஏதாவது சட்டம் இருக்கா, டுவைன்?"

அவன் புரியாமல் திரும்பினான். "இல்லை."

"நாலு நாளும் இதைப் பத்தித்தான் பேசப்போறேன். போகவும் பேசுவேன், வரவும் பேசுவேன். நீ கேட்டுக்கிட்டுத் துடுப்புப் போடணும்."

"போடறேன்," என்றான் டுவைன்.

"எந்த ஏரின்னு உன் மச்சானுக்கு எழுதிக் குடுத்துட்டு வா. நான் வண்டியில இருக்கேன்."